பச்சைப் புள்ளி

சுந்தரராமன் கையில் பாதி முட்டை ஓடு இருந்தது. டிஷ்யூ பேப்பரால் பிடித்திருந்தார், வெடித்துவிடும் என்பதுபோல.

"ஈரக் குப்பை பக்கெட்ல கிடந்தது. இன்னும் மூணு இருக்கு. இது யாரோடது?"

"கோழியோடது அங்கிள்" என்றாள் சௌம்யா.

பெங்களூர் தொம்மலூரில் அவர் வீட்டு மாடியில் சௌம்யாவும் விஜியும் குடிவந்து எட்டு மாதம். சௌம்யா எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கிறாள். விஜி, நானூறு மீட்டர் ஓடுகிறவள். அப்போதும் ஓடத்தான் போயிருந்தாள். சனிக்கிழமை மாநில அணிக்குத் தேர்வு.

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. குடிவரும்போதே சொன்னேனா இல்லையா? சைவம்னாதான் வீடு. வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு பேரும் காலி பண்ணிடுங்க."

"சனிக்கிழமை அவளுக்கு செலக்‌ஷன். முந்தின நாள் பெட்டியைத் தூக்கிட்டு வீடு தேடினா, அவ எங்கே அங்கிள் ஓடறது?"

"அதை முட்டை வேகவைக்கும்போது யோசிச்சிருக்கணும்."

"தினம் அவ்வளவு ஓடறா. தசை நொந்து போகுது. அது சரியாகணும்னா அமினோ அமிலம் வேணும். அவ அப்பா பொம்மசந்திரா ஃபேக்டரியில லேத் ஓட்டறார். அந்தச் சம்பளத்துக்கு முட்டைதான் கட்டுப்படியாகும்."

"ஏன், என் பையன் ஓடலை?" சுந்தரராமனின் குரல் சமையலறை வரை கேட்கும்படி உயர்ந்தது. "நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடறான் ஷ்ரேயாஸ். முட்டையைத் தொட்டிருப்பானா? ஆன்ட்டியைக் கேளு."

"அந்த வாடையே ஆகாதும்மா எங்க குழந்தைக்கு" என்று உள்ளிருந்து ஆன்ட்டியின் குரல் வந்தது.

குழந்தைக்கு இருபத்தொன்பது வயது.

சுந்தரராமன் அலமாரியிலிருந்து ஒரு கறுப்பு டப்பாவை எடுத்துவந்தார். சின்ன வாளி அளவு இருந்தது.

"நீ சொல்ற அதே அமினோ அமிலம். விலை நாலாயிரத்து இருநூறு. ஓடிட்டு வந்ததும் ஒரு ஸ்பூன் கலக்கிக் குடிச்சா, மறுநாள் கால்வலி கிடையாது. இதோ பாரு, பச்சைப் புள்ளி. சுத்த சைவம். ஒழுக்கமா இருக்கணும்னு நினைச்சா வழி இல்லாமலா போயிடும்?"

ஒழுக்கம் கிலோ என்ன விலை என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்துவிட்டதே என்று சௌம்யாவுக்கு வருத்தமாக இருந்தது.

"குடுங்க, எதுலேருந்து எடுத்ததுன்னு பாக்கறேன். சில கம்பெனிக்காரங்க கோழி இறகைக் கரைச்சும் இதை எடுக்கறாங்க."

"சும்மா உளறாதே. தூரத்துலேருந்தே பாரு."

அதற்குள் டப்பா அவள் கைக்கு வந்துவிட்டது.

புள்ளி பச்சைதான். ஆனால் அதைச் சுற்றியிருந்த கட்டம் பழுப்பு. சௌம்யா இதுவரை பார்த்த பாக்கெட்டுகளில் புள்ளியும் கட்டமும் ஒரே நிறமாகத்தான் இருந்திருக்கின்றன.

நகத்தால் லேசாகச் சுரண்டினாள். புள்ளி நகத்தோடு வந்தது. பின்பக்கம் பிசுபிசுப்பு.

ஸ்டிக்கர் பொட்டு.

அது மறைத்திருந்த இடத்தில் பழுப்பு முக்கோணம். அசைவத்துக்கான முத்திரை.

"அப்ப வெள்ளிக்கிழமை ஷ்ரேயாஸும் எங்ககூடவே காலி பண்றாரா அங்கிள்?"

சுந்தரராமன் டப்பாவைப் பார்க்கவில்லை. சமையலறைப் பக்கம் பார்த்தார். எட்டு மாதத்தில் முதல்முறையாக அவர் குரல் இறங்கியது.

"மெதுவாம்மா. அவளுக்குத் தெரியாது. அவ பொட்டு அட்டையிலேருந்து எடுத்து நான்தான் ஒட்டினேன். அதை இருந்த இடத்துலேயே ஒட்டிடு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

சௌம்யா பொட்டைக் கட்டத்துக்குள் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள்.

"என்னங்க, வெள்ளிக்கிழமை போயிடறாங்களாமா?" என்றாள் ஆன்ட்டி, கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து.

"எதுக்குப் போகணும்? பாவம், ஓடற பொண்ணு." சுந்தரராமன் முட்டை ஓட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "காக்காதான் எங்கேயிருந்தோ தூக்கிட்டு வந்து போட்டிருக்கு. நாலையும்."