சிவப்பு மை வட்டங்கள்

“இதுல எவன்னு மட்டும் சொல்லு. மிச்சத்த என் ஆளுங்க பாத்துக்குவாங்க.”

டைல்ஸ் கடை முதலாளி இருபது போட்டோக்களை மேஜைமேல் விசிறிப் போட்டார். வெளியே போகும் தன் மனைவியைக் காருக்குள் இருந்தபடியே படம் எடுக்க டிரைவரை ஏவியிருந்தார். படத்தில் விழுந்த ஒவ்வோர் ஆணின் தலையைச் சுற்றியும் சிவப்பு மையில் ஒரு வட்டம். காபிக் கடை சர்வர், மருந்துக் கடைக்காரர், பூங்கா வாட்ச்மேன், பலூன் விற்கும் எழுபது வயதுக் கிழவர் என ஒருவரும் தப்பவில்லை.

எல்லாப் படத்திலும் மனைவி ஒரு தோழியோடுதான் இருந்தாள். தோழி சிலவற்றில் முதுகைக் காட்டினாள், இரண்டில் நேராகவே பார்த்துச் சிரித்தாள். அவள் தலைக்கு வட்டம் இல்லை. பொம்பளைக்கு எதற்கு மை செலவு என்று விட்டிருப்பார், மகா புத்திசாலி.

எதிரே நின்றவள் தனியார் துப்பறிவாளர், திருநங்கை. யாருக்கும் சந்தேகம் வராது என்று எட்டு மாதம் முன்பு அவர் அமர்த்திய ஆள். படங்களை அவள் வேகமாகப் புரட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். போன வருடம் இவர் சந்தேகப்பட்ட யோகா மாஸ்டர் இன்னும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறார்.

“எட்டு மாசமா பின்னாடியே சுத்தறேன் சார். ஆம்பளைன்னு யாரும் இல்ல.”

“இருக்கான்.”

முதலாளி தலை நிமிரவில்லை. புதிதாக வந்த டைல்ஸை ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளிடம் பேசும்போதெல்லாம் அவருக்கு இப்படி ஏதாவது வேலை வந்துவிடும். ஒரு திருநங்கையின் முகத்தைப் பார்த்துப் பேசினால் அந்தஸ்து குறைந்துவிடும் என்று பயம்.

“தட்டிப் பாத்தாலே விரிசல் எங்கன்னு சொல்லிடுவேன். முப்பது வருஷ அனுபவம். இங்க இல்லன்னா வெளிநாட்டுல இருக்கான். தங்கச்சி பிரசவத்துக்குப் போகணும்னு எதுக்கு அப்படி அழறா? அதான் பாஸ்போர்ட்டப் பிடுங்கிப் பூட்டி வச்சிருக்கேன்.”

“அப்ப கண்டிப்பா அனுப்பாதீங்க சார்.”

“உன் யோசனைய யாரு கேட்டா?” அடுத்த டைலைத் தட்டினார். “அனுப்பினாத்தான ஆள் சிக்குவான். நீயும் கூடப் போ.”

“நானா சார்?”

“பின்ன? ஆம்பளைய அனுப்பினா அவனோடயே ஓடிடுவா. பொம்பளைய அனுப்பினா ரெண்டும் கூட்டுச் சேந்துக்கும். நீ ரெண்டுலயும் சேத்தி இல்ல, எனக்கும் கவலை இல்ல.”

அவள் நாக்கு நுனி வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டாள். இந்த மனிதரிடம் இப்போது ரோஷப்பட்டால் அந்தப் பாஸ்போர்ட் வெளியே வரவே வராது.

முதலாளி பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து, திரும்பிப் பார்க்காமலே மேஜைமேல் எறிந்தார். “அவ கைல குடுக்காத, நீயே வச்சுக்கோ. ஒட்டிக்கிட்டே இரு. படுக்கறதுகூட ஒரே ரூம்லதான். புரியுதா?”

“புரியுது சார்.”

விசாவுக்கு வேண்டிய கையெழுத்தையெல்லாம் முதலாளியே போட்டார். இரண்டு டிக்கெட்டையும் அவரே எடுத்தார். எல்லாவற்றையும் தானே யோசித்துச் செய்ததாகக் கடை ஆட்களிடம் பெருமையும் அடித்துக்கொண்டார்.

புறப்படும் நாள் காலையில் டிரைவர் மனைவியை விமான நிலைய வாசலில் இறக்கிவிட்டுப் போனான். உள்ளே வரிசையில் காத்திருந்த துப்பறிவாளர் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள். மனைவி அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, நீட்டிய கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

“அத்தனை படத்துலயும் என் பக்கத்துல நீதான இருக்க, அந்தாளு ஒரு தடவைகூட நிமிந்து உன் மூஞ்சியப் பாக்கலையா?”