இனிமையான குரல்

ஓட்டுநர்களும் பயணிகளும் அடித்துக்கொள்வது ஓயாததால், எல்லா டாக்ஸிகளிலும் நடுவே தடித்த கண்ணாடி வந்துவிட்டது. ஒருவர் பேச்சு மற்றவருக்கு ஸ்பீக்கர் வழியாக, கோபமும் பதற்றமும் நீக்கப்பட்டு, இனிமையான வார்த்தைகளாகவே கேட்கும். ஒருமுறை பயணி குத்தி மூக்குடைந்த ஓட்டுநர் ஜெயசீலனுக்கு அது பெரிய நிம்மதி.

அன்று காந்திபுரத்தில் ஒரு பெண் தன் சின்னஞ்சிறு மகளோடு ஏறினாள். மேம்பாலத்தில் போகும்போது அவள் குரல் வந்தது.

"அண்ணா, சிரமம் இல்லைன்னா வண்டிய நிறுத்தறீங்களா?"

"பாலம் எறங்குனதும் நிறுத்தறேனுங்க."

"ரொம்ப நன்றிங்கண்ணா."

அப்போது கண்ணாடி அதிர்ந்தது. திரும்பினான். அவள் இரு கைகளாலும் கண்ணாடியைக் குத்திக் கத்திக்கொண்டிருந்தாள். பயத்தில் அவன் கை தானாக முகத்தை மறைத்தது. பிறகுதான் அவள் மடியில் குழந்தையின் உதடு நீலம் பாரித்திருப்பதைக் கண்டான்.

பாலத்திலேயே நிறுத்தி, ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தான். அவள் அவனை ஓங்கி அறைந்தாள்.

"எத்தன வாட்டிடா கத்தறது! தொண்டையில கடலை சிக்கிருச்சு!"

அவன் குழந்தையைக் குப்புறச் சாய்த்து முதுகில் பலமாகத் தட்டினான். கடலை வெளியே விழுந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. தாய் அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டாள்.

பயணிகளுக்கு அனுமதியில்லாத முன்கதவை ஜெயசீலன் திறந்துவிட்டான்.

"ஆஸ்பத்திரியில ஒருக்கா காட்டிறலாமுங்க. எம்பக்கத்துல உக்காருங்க. போற வழியெல்லாம் திட்டிக்கிட்டே வாங்க."