கடலைக் காட்டும்மா

கோவாவில் கடற்கரையை ஒட்டி அறை எடுத்து, சென்னைக் கம்பெனி வேலையை அங்கிருந்தே பார்த்து வந்தாள் ஆலியா. தினமும் மாலையில் திருச்சியிலிருந்து அவளுடைய அத்தா வீடியோ காலில் வருவார்.

“கடலைக் காட்டும்மா.”

போனைத் திருப்பிக் காட்டுவாள்.

“நல்லா இருக்கு. நீதான் இளைச்சுப் போயிட்டே.”

“ஊருக்கு வரட்டுமா அத்தா?”

“வேண்டாம்மா, வேலையைப் பாரு.”

ஒரு வருடம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் திருச்சி பாலக்கரை வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாள். அத்தாதான் திறந்தார். பட்டப்பகலில் அவள் முகத்துக்கு நேராக நின்று கேட்டார்.

“யாருங்க? யாரு வேணும்?”

உள்ளேயிருந்து ஓடிவந்த அம்மா அழுதாள். “சுகர்ல ரெண்டு கண்ணும் போயி ஆறு மாசமாச்சும்மா. தெரிஞ்சா நீ வேலையை விட்டுட்டு வந்துடுவேன்னு சொல்லவே விடலை.”

“ஆலியாவா?” என்று துழாவிய அத்தாவின் கைகளைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். அவர் விரல்கள் நனைந்தன.