நாலு தடவை செத்தவன்

"மேடம், நான் இதுவரைக்கும் எத்தனை தடவை செத்திருக்கேன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா?"

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த பதிவு அலுவலர் தலையை நிமிர்த்தவில்லை. அவனுடைய குடிமகன் எண்ணைக் கேட்டு, ஈரமில்லாத ஒற்றை விரலால் தட்டினார்.

"நாலு."

"நாலா? ரெண்டுன்னுதானே இதுல போட்டிருக்கு!" அவன் ஒரு காகிதத்தை உள்ளே தள்ளினான்.

"இது போன வாரம் எடுத்தது தம்பி."

செத்தவனுக்கு வியர்க்குமா? அவனுக்கு நன்றாகவே வியர்த்தது. அவன் ஒரு லிப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவில் சிக்கி அலறும் எத்தனையோ பேரை வெளியே இழுத்துவிட்டவன். இப்போது அவனே நடுவில் மாட்டிக்கொண்டிருந்தான். கூப்பிடுவதற்கு மணி கூட இல்லை.

"மேடம், எனக்குக் கல்யாணமே ஆகலை. ஆனா ரெண்டு பொண்டாட்டின்னு இருக்கு. நடுவுல பிரசவ லீவு வேற எடுத்திருக்கேனாம். நான் கட்டிக்க ஆசைப்படற பொண்ணோட அப்பா இதைப் பார்த்துட்டு, 'தம்பி, உன் மேல எனக்கு ஒரு குறையும் இல்லை, அரசாங்கமே இப்படிச் சொன்னப்புறம் நான் என்ன செய்யறது?'ன்னு கையை விரிச்சுட்டார். வெள்ளிக்கிழமை அவளைப் பார்க்க வேற மாப்பிள்ளை வர்றான். என் விவரத்தை வெச்சு இங்க யார்தான் என்ன பண்றீங்க? எனக்குத் தெரிஞ்சாகணும்."

அலுவலர் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு மேல்மாடியைக் கை காட்டினார்.

"அங்க புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்களுக்குப் பயிற்சி நடக்குது. பிறப்பு, இறப்பு, கல்யாணம்னு எல்லாம் பதிஞ்சு பழகணுமில்ல? உங்க பதிவுலதான் பழகறாங்க."

"என் பதிவுலயா? ஒரு கற்பனை ஆளை வெச்சுப் பழக வேண்டியதுதானே!"

"இல்லாத ஆளைப் பதிஞ்சா பொய்ப் பதிவு ஆயிடும் தம்பி. அது குற்றம். அரசாங்கம் குற்றம் செய்யலாமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறதோ என்று ஒரு கணம் அவனுக்குச் சந்தேகம் கூட வந்துவிட்டது.

"சரி, சாகடிச்சவங்க திரும்ப உயிர் கொடுக்கலாமில்ல?"

"அது கடைசி வாரப் பாடம். பாதிப் பேர் அதுக்கு வர்றதில்லை."

"என்னை இதுலேருந்து எடுத்துவிட்டுடுங்க மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"தாராளமா எடுக்கலாம். பழைய பதிவை அப்படியே சுத்தமாக்கியும் கொடுப்போம். ஆனா உங்க இடத்துக்கு நீங்க ஒருத்தரைக் காட்டணும். சொந்தக்காரரா இருக்கணும். முன்னப்பின்ன தெரியாதவங்களை மாட்டிவிட்டா அது தனியுரிமை மீறல்."

அவன் யோசித்தான். அம்மாவைச் சொன்னால் பாவம், ஏற்கெனவே ரத்த அழுத்தம். அக்கா புருஷனைச் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. இரவல் வாங்கிய பைக்கை இன்னும் திருப்பித் தராத ஆள். ஆனால் அவர் இங்கே செத்தால் அக்கா வீட்டுக்கு விதவைச் சான்றிதழ் தபாலில் போய்விடும். அக்கா அழுது ஊரைக் கூட்டுவாள்.

அப்போதுதான் பூட்டுக்கடைக்காரர் நினைவுக்கு வந்தார். அவன் கட்டிக்க நினைத்த பெண்ணின் அப்பா. கையை விரித்துவிட்டு, கடையில் தொங்கும் பூட்டுகளைத் துடைக்கப் போனவர். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும். அவரும் நாலு தடவை செத்துப் பார்க்கட்டும். அரசாங்கம் சொன்னால் நம்புவாரா என்று அப்போது கேட்போம்.

"வரப்போற மாமனார் சொந்தத்துல சேருமா மேடம்?"

"சேரும். ஏற்கெனவே அந்தக் கணக்குல எடுத்திருக்கோம். பேரைச் சொல்லுங்க."

சொன்னான். கொஞ்சம் சத்தமாகவே சொன்னான். அலுவலர் தட்டிப் பார்த்தார். வாய்க்குப் போன சுளை பாதியில் நின்றது.

"இவர் ஆக மாட்டார் தம்பி. ஒருதரம் இருந்தவங்களை மறுபடி போடக் கூடாது."

"இருந்தவரா?"

"உங்களுக்கு முன்னாடி இவர்தான். ஆறு தடவை செத்தார், பாவம். போன வருஷம் இதே நாற்காலியில உக்காந்து அழுதுட்டு, உங்க பேரைக் கொடுத்துட்டுப் போனார்."

அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போன வருஷம்தான் அவள் வீட்டில் அவனைப் பற்றி முதன்முதலாகச் சொன்னாள். எல்லாம் தெரிந்துகொண்டேதான் அந்த மனிதர் இந்தக் காகிதத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, வரி வரியாகப் படித்து உச்சுக்கொட்டினாரா?

"அது எப்படி மேடம்? சொந்தக்காரங்களைத்தான் காட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க! நான் அவருக்கு என்ன சொந்தம்? வீட்டு வாசப்படி கூட மிதிக்க விடலையே!"

அலுவலர் திரையை அவன் பக்கம் திருப்பினார்.

"நீங்களே படிங்க. 'இவர் என் மகளை மணக்கப்போகும் என் மருமகன். இந்த உறவை முழு மனதுடன் ஏற்கிறேன்.' கீழ கையெழுத்து, கைரேகை, எல்லாம் சரியா இருக்கு."

அவன் இரண்டு முறை படித்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தான்.

"மேடம், இன்னும் நாப்பது தடவை வேணும்னாலும் என்னையே சாகடிச்சுக்குங்க. இந்தப் பக்கத்துக்கு மட்டும் முத்திரை போட்டு ஒரு நகல் கொடுத்துடுங்க."