இறகு இறக்கிய சுமை

"சார், சொன்னாக் கேளுங்க. இன்னைக்கு என்னால முடியாது. வேற ஆளைப் போடுங்க!"

சுவரில் வரவேற்புப் பதாகையை ஒட்டிக்கொண்டிருந்த மேலாளர் பாதியில் திரும்பினார். பார்வையிடும் குழுவின் கார் வாசலுக்கு வந்துவிட்டது. இப்போது பார்த்தா இவள் இதைச் சொல்ல வேண்டும்?

சக்கர நாற்காலியில் இருந்தவளை அந்தக் கட்டுமானத் தளத்தில் எல்லாரும் 'இறகு' என்றுதான் கூப்பிடுவார்கள். ரெண்டு டன் சுமையைக்கூட இறகு மாதிரி இறக்கி வைப்பாள். முன்பெல்லாம் கிரேன் ஓட்ட ஏணி ஏறி உச்சிக் கூண்டுக்குப் போக வேண்டும். மேலாளர்தான் மேலிடத்தோடு மல்லுக்கட்டி, கீழேயே ஓர் அறை கட்டி, அங்கிருந்தே கிரேனை இயக்கத் திரையும் கைப்பிடிகளும் வைத்து அவளை உட்காரவைத்தார். பழைய ஆபரேட்டர் கிடங்கு வேலைக்குப் போனார்; உச்சிக் கூண்டும் ஏணியும் அவசரத்துக்கு அப்படியே நின்றன. ஒரு வருடத்தில் ஒரு கீறல் இல்லை.

"உனக்கு என்னம்மா குறை? குறையெல்லாம் அந்த ஏணியிலதான் இருந்துச்சு. அதைத்தான் உன் வழியிலேருந்து தூக்கியாச்சே!"

"தூக்கிட்டீங்க, இல்லேங்கலை. என் நரம்பை என்ன சார் பண்ணுவீங்க? காலையிலேருந்து வலது கை ஸ்டிரைக். ஸ்பூனே நிக்கலை, நீங்க ரெண்டு டன்னைப் பிடிக்கச் சொல்றீங்க."

"மெதுவாப் பேசு! குழு திருப்தியாப் போனாத்தான் மத்த சைட்லயும் இப்படி அறை வரும். உன்னை மாதிரி பத்துப் பன்னிரண்டு பேர் வேலைக்குக் காத்துட்டு இருக்காங்க. 'இவங்களால முடியாது'ன்னு ஒரு வார்த்தை விழுந்தா அத்தனை பேர் சோத்துலயும் மண்ணு!"

அவள் இடது கையால் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"ஒரே ஒரு சுமைம்மா. அப்புறம் ஒரு வாரம் லீவு எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு மேலாளர் வாசலுக்கு ஓடினார்.

சரிவுப் பாதை, அகலக் கதவு, தாழ்வான குழாய் என எல்லாவற்றையும் சுற்றிக் காட்டிவிட்டுக் குழுவை மேலாளர் கிரேன் அறைக்குள் அழைத்து வந்தபோது, அவள் தலையில் ஹெட்போனுடன் திரையைப் பார்த்தபடி இருந்தாள். பின்னால் நின்றவர்களுக்கு நாற்காலியின் உயரமான முதுகுதான் தெரிந்தது.

"இவங்களுக்கு முடியாத நாள்னு ஏதாவது வருமா?" என்று கேட்டார் குழுத் தலைவி.

"வரவே வராதுங்க மேடம்!" மேலாளர் முந்திக்கொண்டார். "சுத்தி இருக்கிற தடையை எடுத்துட்டா, முடியாததுன்னு எதுவுமே இல்லை."

திரையில் கான்கிரீட் பலகை எழும்பியது. எட்டாவது மாடியில் நாலு பேர் அதற்காகக் காத்து நின்றார்கள். பாதி வழியில் காற்று வீசியது. பலகை ஊசலாடி அவர்கள் பக்கமாகப் போனது. ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

ஸ்பூனே நிக்கலை என்றாளே! மேலாளரின் சட்டை முதுகோடு ஒட்டியது. நிறுத்து என்று கத்த வாயைத் திறந்தார். காத்திருக்கும் அந்தப் பத்துப் பன்னிரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள். வாயை மூடிக்கொண்டார்.

"அவசரம் வேண்டாம் அண்ணே... ஆடி அடங்கட்டும்..." அவள் குரல் மட்டும் நிதானமாக இருந்தது. சுமையைப் பிடிக்கும் ஆட்களிடம் எப்போதும் அவள் அப்படித்தான் பேசுவாள். "இடது பக்கம்... இன்னும் ஒரு சாண்... அவ்வளவுதான்."

பலகை சத்தமில்லாமல் உட்கார்ந்தது. அறையே கைதட்டியது.

"பிரமாதம்!" என்றார் தலைவி.

போன உயிர் திரும்பி வந்த மேலாளர் பாய்ந்து முன்னால் போனார். "நான் சொல்லலை? கையைக் குடும்மா!"

நாற்காலி மெல்லத் திரும்பியது. அவளுடைய வலது கை மடியில் துவண்டு கிடந்தது. கைப்பிடிகளின் மேல் போட்ட தூசித் துணியை அவள் எடுக்கவே இல்லை.

"முடியாத நாள் வருமான்னு கேட்டீங்களே மேடம், அது இன்னைக்குத்தான்" என்றாள் அவள். "நீங்க கைதட்டினது, நான் கூப்பிட்டதும் கிடங்குலேருந்து ஓடி வந்து கூண்டுக்கு ஏறின பழைய ஆபரேட்டர் அண்ணனுக்கு."