ஆட்சேபணை இல்லை

“கழட்டுடா அந்த பேனரை,” என்றார் பொன்னுரங்கம் மாமா.

போன மாசம் அவரே முன்னால் நின்று கட்டிய பேனர். ‘அரசின் கூடுதல் தலைமை வழக்கறிஞர் ஆன எங்கள் குப்பத்து மகள் நர்மதா.’ கறுப்புக் கோட்டில் நர்மதா அக்கா சிரித்துக்கொண்டிருந்தது.

பாராட்டு விழாவில் மைக்கைப் பிடித்து அக்கா சொன்னது: “இது நிரந்தர வேலை இல்ல மாமா. கவர்மென்ட்டு வெச்சா இருப்பேன். வேணாம்னா கெளம்பிடுவேன்.”

கை தட்டினோம். காதில் எங்கே விழுந்தது, கண்ணெல்லாம் பிரியாணி அண்டா மேல்.

இன்று காலை கோர்ட்டில் எங்கள் வழக்கு. திருவொற்றியூரில் நாங்கள் வலை காயவைக்கும் இடத்தை லாரி நிறுத்த எடுக்கப் பார்த்தது அரசாங்கம். கூடாது என்று குப்பமே மனு போட்டிருந்தது. அரசாங்கத்துக்காக வந்து நின்றது, நர்மதா அக்கா.

எங்கள் வக்கீல் இக்னேஷியஸ் தொண்டை வறளப் பேசினார், எல்லாம் இங்கிலீஷில். ஜட்ஜ் அக்காவைப் பார்த்து ஏதோ கேட்டார். அக்கா எழுந்தது.

“நோ அப்ஜெக்‌ஷன், மை லார்ட்.”

உட்கார்ந்துவிட்டது. எங்களுக்குப் புரிந்த இங்கிலீஷ் அது ஒன்றுதான்.

“நம்ம எடத்தை எடுத்துக்க இவளுக்கு ஆட்சேபணை இல்லையாமே,” என்றார் மாமா. வக்கீலுக்குக்கூடக் காத்திருக்காமல் வேனில் ஏறினோம்.

எனக்கு யார் குரலும் வரும். மூக்கில் கொஞ்சம், தொண்டையில் கொஞ்சம் எடுத்தால் அக்கா.

“நோ அப்ஜெக்‌ஷன், மை லார்ட். எங்க ஊரை வித்துக்கோங்க, மை லார்ட்.”

ராயபுரம் தாண்டியும் சிரிப்பு அடங்கவில்லை. “இன்னொரு தபா சொல்லுடா உதயா.”

பேனர் இறங்கும்போதும் சொன்னேன்.

அக்காவின் அம்மா, பச்சையம்மா அத்தை, வாசலுக்கு ஓடி வந்தது. “நர்மதா வந்துட்டாளா?”

நான் நிற்பதைப் பார்த்தது. கீழே கிடந்த பேனரைப் பார்த்தது. உள்ளே போன் அடிக்கவும் திரும்பிப் போய்விட்டது.

அப்போதுதான் பைக்கில் வந்து இறங்கினார் இக்னேஷியஸ். “கேஸை ஜெயிச்சிட்டு எங்கய்யா ஓடி வந்துட்டீங்க?”

“இன்னாத்த ஜெயிச்சோம்? அவதான் ஆட்சேபணை இல்லன்னுட்டாளே.”

“உங்க மனு மேலதான்யா ஆட்சேபணை இல்ல. எடம் உங்களுக்குன்னு ஆர்டரே போட்டாச்சு. ‘சட்டம் குப்பத்துப் பக்கம் இருக்கு, எதிர்க்காதீங்க’ன்னு மேல இருக்கிறவங்ககிட்ட அந்தம்மா ஒத்தையா சண்டை போட்டு ஒத்துக்க வெச்சிருக்காங்க.”

“அவ கவர்மென்ட்டு வக்கீலாச்சே சார்.”

“கவர்மென்ட்டு தப்பு பண்ணா அதுகிட்டயே சொல்றதும் அவங்க வேலைதான்யா.”

மாமா குனிந்து, பேனரில் ஒட்டிய மணலைத் தன் துண்டால் துடைத்தார். “ஏத்துங்கடா,” என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

“வோணாம்ண்ணா. சுருட்டிக் குடுத்துடு.” அத்தை மறுபடி வாசலில் நின்றிருந்தது. என் பக்கம் திரும்பியது.

“நைனா, கோர்ட்டுல அவ சொன்னாளே, அத அவ கொரல்லயே இன்னொரு தபா சொல்லேன்.”

நான் தரையைப் பார்த்தேன்.

“சும்மா சொல்லு. இப்பதான் போன் பண்ணா, வேலைய விட்டு எடுத்துட்டாங்களாம். கவர்மென்ட்டு வக்கீலா அவ கடைசியா பேசினது அதானாம்.”