மீ-மா

நான் பதில் சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கேள்வி வேறு யார் காதிலும் விழவில்லை என்று.

"சீஸும் வெங்காயமும் வச்சுச் சுட்ட பை! ரெண்டு!"

கத்தியே இருக்கிறேன். தறிகள் எல்லாம் நின்றுபோன நெசவுக்கூடத்தில், மொத்த வகுப்பும் திரும்பி என்னைப் பார்த்தது.

"என்னடி மார்த்தா, அவ்வளவு பசியா?" என்றாள் ஃப்ரேயா. எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். ஆனால் அப்பா காதுக்கு இது போனால் போச்சு. வெள்ளிக்கிழமை பாண்டு ஊர்வலத்தில் நான் கார்னெட் ஊத முடியாது.

ஐந்தே நிமிடத்துக்கு முன்னால் நான் இருந்த இருப்பே வேறு.

ஹார்ல்டன் எங்கள் ஊரிலிருந்து இரண்டு மலை தாண்டி இருக்கிறது. ஆறு, ஆலை, ஆலை முதலாளி கட்டிவிட்ட ஒரே மாதிரி கல் வீடுகள். எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் இந்தச் சுற்றுலாவுக்குத் தப்பியதில்லை. மழை வேறு. பஸ்ஸில் எல்லோரும் முனகிக்கொண்டே வந்தோம்.

இப்போது காட்சிக்கூடமாகிவிட்ட அந்த ஆலையின் மாடியில் பெரில் என்ற அம்மா பன்னிரண்டு தறிகளையும் ஓடவிட்டார்.

அடேயப்பா!

தரை குதித்தது. ஜன்னல்கள் நடுங்கின. ஊடு நூலை இழுக்கிற நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அறைந்து அறைந்து பறந்தது. என் பற்கள் கிடுகிடுத்தன. எங்கள் பாண்டு மொத்தமும் வயிற்றுக்குள் இறங்கி வாசிக்கிற மாதிரி இருந்தது. பையன்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஹோல்ட் சார் ஏதோ கத்திப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

பெரில் மட்டும் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். குரல் இல்லாமல், வாயை அகல அகல அசைத்து.

அதற்கு மீ-மா என்று பெயர். தறி ஓடும்போது இங்கே வேலை பார்த்த பெண்கள் எல்லோரும் இப்படித்தான் வம்பளந்தார்களாம். பெரிலும் பதினைந்து வயதில் இதே தறியில் நின்றவர்தான்.

"அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் லேஸ் அவிழ்ந்து கிடக்கு. விழுந்து தொலைக்கப் போறான்," என்றது அவர் வாய்.

நான் டைலரின் தோளைத் தட்டி அவன் ஷூவைக் காட்டினேன்.

பெரிலின் புருவம் ஏறியது.

"உங்க சார் எப்பவுமே இப்படித்தான் முழிப்பாரா?"

"பரீட்சைப் பேப்பர் திருத்துறப்போ இன்னும் மோசம்." நானும் வாயாலேயே சொன்னேன்.

அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கூடத்தில் அத்தனை பேருக்கும் காது போய்விட்டது, எனக்கு மட்டும் எல்லாம் புரிந்தது! ஃப்ரேயா என் கையைப் பிடித்து உலுக்கி, "எப்படிடி?" என்றாள். அதையும் அவள் உதட்டிலிருந்தே படித்தேன். இன்னும் ஒரு மணி நேரம் தறி ஓடினாலும் நின்றிருப்பேன்.

பெரில் சுவரிலிருந்த பிடியை இழுத்தார். தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின.

என்னைப் பார்த்து, "மத்தியானத்துக்கு என்ன கொண்டாந்தே, கண்ணு?" என்றார்.

நான் சொன்னேன்.

அவர் குரல் எழுப்பவே இல்லை, வாயை மட்டும்தான் அசைத்திருக்கிறார். பழைய பழக்கத்தில் மறந்தாரா, வேண்டுமென்றுதான் செய்தாரா, தெரியாது. சத்தமாகக் கேட்டார் என்றே நினைத்துவிட்டேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

குளிர்காலத்திலிருந்தே என் காது இப்படி. முதலில் பறவைகளின் சத்தம் போனது. அப்புறம் எனக்குப் பின்னால் பேசுகிறவர்களின் குரல். முகம் தெரிந்தால் ஒரு வார்த்தையைக்கூடத் தவறவிடமாட்டேன். கார்னெட்டைப் பல்லாலும் தாடையாலும் கேட்டுக்கொள்கிறேன். பாண்டை நடத்துவது அப்பாதான். ஒத்திகையில் தாளக் குச்சியோடு எதிரே நிற்பார், முகம் தெரியும், எனக்கு அது போதும். நான்கு வருடம் பின்வரிசையில் வாசித்து இந்த வருடம்தான் முதல் கார்னெட். இதை யாரிடமும் சொன்னதில்லை. ஃப்ரேயாவிடம்கூட.

கிளம்பும்போது பெரில் கிட்டே வந்தார். காதோரத்து முடியை ஒதுக்கிக் காட்டினார். காதுக்குள்ளே சின்னதாக ஒரு செவிக்கருவி.

"உனக்கு எந்தக் காது?" மறுபடியும் வாய் மட்டும்.

நான் படியிறங்கி ஓடிவிட்டேன். முற்றத்திலிருந்து அண்ணாந்து பார்த்தபோது, ஜன்னலோரம் பெரிலும் ஹோல்ட் சாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மழை வழிகிற கண்ணாடி. யார் வாயையும் படிக்க முடியவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் சார் ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா சமையலறைத் தொட்டியடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சுவிடாமல் கொட்டினேன். தரை குதித்தது, நாடா பறந்தது, டைலர் லேஸ், எல்லாம். நான் கத்தின பதிலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அவர் குழாயை மூடினார். திரும்பவில்லை. அப்படியே நின்றார்.

பேசும்போது அப்பாவுக்கு வலது தோள் கொஞ்சம் ஏறும். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறின மாதிரியும் இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது.

பிறகு மெதுவாகத் திரும்பினார். வாய் மூடியிருந்தது. பதிலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி என் முகத்தைப் பார்த்தார்.

அப்பா என்ன கேட்டார்?

இல்லை, ஒன்றுமே கேட்கவில்லையா?